கையெழுத்துக்கு மேலே இருந்த வரிகள்

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மைக் வாங்கினார்கள். ஆறே மாதத்தில் அது வாயை மூடிக்கொண்டது. ரிப்பேர் பார்க்க ஒருத்தரும் மெனக்கெடவில்லை. ஏன் மெனக்கெட வேண்டும், அவள்தான் இருக்கிறாளே! வெளிநோயாளிகள் கூடத்தில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் இருமினாலும், கைக்குழந்தைகள் வீறிட்டாலும், அவள் டாக்டர் அறைக் கதவருகே நின்று "நாப்பத்தி மூணு" என்றால், கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கும் நாற்பத்து மூன்றாம் டோக்கன்காரர் எழுந்து செருப்பைத் தேடுவார். அவளுடைய பேரைச் சம்பளப் பட்டியலில்தான் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய டாக்டரிலிருந்து வாசலில் சைக்கிளுக்குச் சீட்டுக் கொடுப்பவர் வரை எல்லாருக்கும் அவள் மைக் அக்கா.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கதவருகே நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, வேலை என்றால் வேலைதான். மற்ற டாக்டர்களின் வரிசை மூன்று மணி வரை இழுத்துக்கொண்டு கிடக்கும். அவள் வரிசை ஒரு மணிக்குச் சுத்தமாகக் காலி. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். உள்ளே போகப் போகிறவரை முன்கூட்டியே நிறுத்தி, என்ன கஷ்டம் என்று கேட்பாள். அவர் தங்கச்சி வீட்டுக்குப் போனதில் ஆரம்பிப்பார். அங்கே மழையில் நனைந்தது, திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது, அப்புறம் இடுப்பில் ஏதோ பிடித்த மாதிரி இருந்தது என்று போகும். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "இடுப்பு வலி, மூணு நாள். அவ்வளவுதான். உள்ள போய் இதை மட்டும் சொல்லு. மழையும் வேண்டாம், தங்கச்சியும் வேண்டாம்." அந்த ஆளும் அந்த ஒற்றை வரியை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார். டாக்டரிடம் ஏதாவது கேட்கணும் என்று யாராவது தயங்கினால், "டாக்டருக்குத் தெரியாதா? நீ கேட்டுத்தான் அவர் படிக்கணுமா?" என்பாள். கூடம் சிரிக்கும். கேட்க வந்தவர் தலையைக் குனிந்துகொள்வார்.

நானும் ஒருநாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தவன்தான். அதனால் அவளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

காலையில் டோக்கன் என்றால், மத்தியானம் அவளுக்கு இன்னொரு வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அந்தக் கையெழுத்து வாங்குவது. உண்மையில் அது சின்ன டாக்டர்களின் வேலை. அவர்கள் பாவம், முதல் நாள் ராத்திரி டூட்டியும் பார்த்துவிட்டுக் கண் சிவந்து திரிகிற பிள்ளைகள். ஒருத்தர் ஒருநாள் ஃபாரக் கட்டை அவள் கையில் திணித்து, "அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்களேன்" என்றார். அவள் அரை மணி நேரத்தில் பதினோரு கையெழுத்தோடு திரும்பி வந்தாள். அதோடு அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். கட்டில் கட்டிலாகப் போவாள், பேனாவை நீட்டுவாள், "இங்க போடு, இங்கயும் போடு" என்பாள். எழுதத் தெரியாதவர்களின் கட்டை விரலை மையில் அழுத்தி அவளே வைத்துவிடுவாள். "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்: "எல்லாருக்கும் வாங்கறதுதான்."

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து டோக்கன் இல்லாமல் நேராக அக்காவிடம் வந்து நின்றார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"குரல் போகும்னு யாருமே சொல்லலையேம்மா."

அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது. பின்னால் நின்றவர்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். "கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா? ஃபாரத்துல எல்லாம் இருக்கு. இப்ப வந்து கேட்டா?" என்று சொல்லி, அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தம் எழும்பவில்லை. நிறுத்தம் நிறுத்தமாகக் கூவி ஆளை ஏற்றி இறக்கிய மனிதர், முழங்கையால் இடித்துத் தள்ளப்பட்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் ஓரமாக நகர்ந்து வெளியே போனார். அவரை வண்டியிலிருந்து இறக்கி டிப்போவில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினாள். அத்தோடு சரி.

நான்கு வருடம் கழித்து அவளுக்கே கழுத்தில் கட்டி வந்தது.

முதலில் பார்த்தவர் அவள் வீட்டுக்காரர். இரும்புத் தகடு அடிக்கிற பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்துக் காதைப் பட்டறைக்கே கொடுத்துவிட்டு வந்த மனிதர். உலகத்தில் மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்கு வாயசைவு, இவள் குரல் ஒன்றுதான் காதுக்குள் போகும். மகள் போன் செய்தால்கூட இவள் கேட்டுத் திருப்பிச் சொன்னால்தான் அவருக்கு மகள் பேசிய மாதிரி. ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கும்போது அவர் பார்த்துக்கொண்டே இருந்து, "என்னது அது, மேலயும் கீழயும் போகுது?" என்றார். கண்ணாடியில் பார்த்தாள். இன்னொரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தாள்.

ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்தது. மற்ற நோயாளி என்றால் ஸ்டூலில் உட்கார வைத்தாவது சொல்வார்கள். இவள் வீட்டு ஆள் மாதிரி அல்லவா, அதனால் பெரிய டாக்டர் வராந்தாவில் நடந்துகொண்டே பேப்பரைப் பார்த்து, "எடுத்துடலாம் அக்கா, அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்றார். அவளும் கூடவே ஓடிக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்றாள். மாடிப்படி வந்ததும் அவர் ஏறிப் போய்விட்டார். ஒரு ஆபரேஷன் முடிவாக எடுத்துக்கொண்ட நேரம், ஒரு டோக்கனைக் கூப்பிடுகிற நேரம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கண்டக்டர் ஞாபகத்துக்கு வந்தார். அதே இடம், அதே கட்டி, அதே டாக்டர். அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குரல் போனால் அவள் என்ன ஆவாள்? அவளுடைய வேலை ஒப்பந்த வேலை. கூப்பிடத் தெரிந்ததால் கதவருகே நிற்கிறாள். கூப்பிட முடியாவிட்டால் சலவைக் கொட்டகையில் ரத்தக்கறைத் துணியை அலச அனுப்புவார்கள், அதுவும் ஐம்பத்து மூன்று வயதில், இந்த முழங்கால்களோடு. அது போகட்டும். இந்த மனுஷன் காதுக்கு அப்புறம் என்னதான் கேட்கும்?

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். தினமும் நாலு அடி தூரத்தில் நிற்கிறவர். ஆனால் அந்த ஒரு வாரமும் அவளால் கேட்க முடியவில்லை. இருநூறு பேரை அதட்டி உட்கார வைக்கிறவளுக்கு அவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படிக் கேட்பது? நம்ம அக்காவே சந்தேகப்படுகிறாளே என்று நினைத்துவிட்டால்? இவர் வேலை தெரிந்தவரா என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டால்? வீட்டில் துணி மடிக்கும்போது கேள்வியைத் தயார் செய்வாள். நீளமாக வரும். பழக்கதோஷம், உடனே அதை வெட்டி வெட்டி ஒற்றை வரியாக்குவாள். ஒற்றை வரியான பிறகு பார்த்தால் அதில் அவள் பயம் இருக்காது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை பெண்கள் வார்டில் பதின்மூன்றாம் கட்டிலில் படுத்தாள். பதினான்கில் ஒரு சின்னப் பெண், தையல் கடையில் காஜா எடுக்கிறவள். கல்யாணமாகி இரண்டு வருடம். நான்கு நாளைக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வந்தவளை ஸ்ட்ரெச்சரில் வைத்தே கையெழுத்து வாங்கியது சாட்சாத் மைக் அக்காதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனால் அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்தவள் திரும்பவே இல்லை. கஞ்சி வைத்தது வைத்தபடி இருந்தது. போர்வைக்குள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. வலி போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். தன் பயமே பெரிதாக இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

பத்து மணிக்கு வார்டு சிஸ்டர் ஃபாரத்தோடு வந்தாள். "அக்கா, உங்களுக்குத் தெரியாததா? சட்டுனு போடுங்க, லிஸ்ட் அனுப்பணும்." பேனாவையும் நீட்டினாள். எத்தனை ஆயிரம் முறை தான் நீட்டிய பேனா! அக்கா வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடுகிற கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். ஆனால் அன்றைக்குக் கண் கோட்டில் நிற்காமல் மேலே ஏறியது. படித்தாள். இந்த ஆபரேஷனால் வரக்கூடிய நன்மைகளையும் ஆபத்துகளையும் டாக்டர் எனக்குப் புரியும்படி விளக்கினார், என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார், மற்ற வழிகளையும் எடுத்துச் சொன்னார், அதன் பிறகே சம்மதிக்கிறேன். இவ்வளவுதான். என்ன ஆபத்து என்று ஒரு எழுத்து இல்லை. ஃபாரத்தில் எல்லாம் இருக்கிறது என்று அந்தக் கண்டக்டர் முகத்தில் அடித்த மாதிரி சொன்னாளே, அந்த ஃபாரத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்புறம் போடறேன் சிஸ்டர்," என்றாள்.

சிஸ்டருக்கு ஆச்சரியம், கொஞ்சம் எரிச்சலும்கூட. "நீங்களே இப்படிப் பண்ணினா எப்படிக்கா?" என்று சொல்லிக்கொண்டு போனாள். அக்கா ஃபாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் சுற்றிவரும் நேரத்துக்காகக் காத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு அவர் வந்தார். பின்னால் இரண்டு சின்ன டாக்டர்கள், சிஸ்டர், ஃபைல் வண்டி. "என்ன அக்கா, நாளைக்கு நம்ம கச்சேரி. பயமா?" என்று சிரித்தார். அவள் வாயைத் திறந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லைங்க டாக்டர்" என்றுதான் வந்தது. அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பதினான்காம் கட்டிலில் ஃபைலை மட்டும் பார்த்து "நல்லாருக்கு, நாளைக்கழிச்சு வீட்டுக்கு" என்றார். அந்தப் பெண் திரும்பவில்லை. பதினைந்து, பதினாறு என்று அவர் போய்க்கொண்டே இருந்தார்.

அக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இப்படித்தானே ஒவ்வொருவரும் என் கதவைத் தாண்டி உள்ளே போய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பார்கள்? கேள்வி இல்லாமலா வந்தார்கள், நான் அல்லவா பிடுங்கிக்கொண்டு அனுப்பினேன்? டாக்டர் வார்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் போச்சு.

"டாக்டர்."

டோக்கன் கூப்பிடுகிற குரல் அது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஆயாகூட எழுந்து நின்றுவிட்டாள். பெரிய டாக்டர் திரும்பினார்.

"எனக்குக் குரல் போயிடுமா?"

அவர் திரும்பி நடந்து வருவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு கட்டிலருகே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஃபாரத்தை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கழுத்தை வரைந்தார். கட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது, குரலை ஆட்டுவது அதுதான், அதைப் பார்த்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கட்டியை எடுப்போம் என்றார். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் நூறு பேரில் ஐந்தாறு பேருக்குக் குரல் கொஞ்ச நாள் கம்மிவிடும், தானாகத் திரும்பும். ஒருத்தருக்குத் திரும்பாமலே போகலாம். பழைய மாதிரி இருக்காது என்றார்.

அவள் பயந்துகொண்டிருந்ததே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் ஆச்சரியம், ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. ஒரு கேள்வி வெளியே வந்துவிட்டால் மற்றவை வரிசையில் நிற்குமா? செய்யாமலே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். கட்டி மூச்சுக்குழாயைத் தள்ள ஆரம்பித்திருக்கிறது, இந்த மாதமே செய்ய வேண்டும் என்று அவசரமில்லை, ஆனால் வளர்ந்த பிறகு எடுப்பது இன்னும் கஷ்டம் என்றார். முழுசாக எடுப்பீர்களா என்றாள். ஒரு பக்கம் மட்டும்தான் என்றார். "இப்ப உங்க குரல் நரம்பு எப்படி இருக்குன்னு முன்னாடியே பாத்துடறது நல்லது. தொண்டை டாக்டரை மத்தியானம் வரச் சொல்றேன். இதை நானே சொல்லியிருக்கணும்." பிறகு தயங்கி, "உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு விட்டுட்டேன் அக்கா. நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக் கையெழுத்து வாங்கறீங்க?"

அக்கா அவரையே பார்த்தாள்.

"நானா? நீங்க சொல்லி முடிச்சப்புறம்தான் ஃபாரம் என் கைக்கு வருதுன்னுல்ல நெனச்சேன்."

சின்ன டாக்டர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். "ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க," என்று அவர் மெல்லச் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "நீங்க நல்லா வெளக்கி அனுப்பறீங்கன்னு நான் பெருமையா சொல்லிட்டிருந்தேன்." இத்தனை வருடம். அவர் சொல்கிறார் என்று அவளும், அவள் சொல்கிறாள் என்று அவரும் இருந்துவிட்டார்கள். நடுவில் யாருமே சொல்லவில்லை. அவள் எச்சிலை விழுங்கினாள். விழுங்கும்போது கட்டி மேலே போய்க் கீழே வந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில் ஞாபகம் வந்தது. "டாக்டர், இந்தப் பொண்ணு கையெழுத்தும் நான் வாங்கினதுதான். வலியில துடிச்சிட்டிருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

அவர் ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார். "ஏதாவது கேக்கணுமாம்மா?" அக்கா இறங்கிப் போய்ப் போர்வைமேல் கை வைத்து, கேளும்மா, நான் இருக்கேன் என்றாள். அந்தப் பெண் திரும்பினாள். முகம் வீங்கிக் கிடந்தது.

"என் கர்ப்பப்பையை எடுத்துட்டீங்கல்ல?"

டாக்டருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. குடல்வால்தான் எடுத்தோம், சுண்டு விரல் அளவு, கர்ப்பப்பை பக்கமே போகவில்லை, அது நன்றாக இருக்கிறது, குழந்தை பெறுவதற்கு ஒரு தடையும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அடிவயிற்றில் கிழித்தால் அதைத்தான் எடுப்பார்கள் என்று குழாயடியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் நான்கு நாளாக அதையே நம்பி, உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவளோ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "நேத்து அவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா, இனிமே வராதேன்னு. வேற கல்யாணம் பண்ணிக்கன்னு சொல்லிட்டேன்."

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பையன் கையில் ஃப்ளாஸ்க்கோடு பேயறைந்த மாதிரி போனதை அக்கா, ஃபைல் கொடுக்க வந்தபோது பார்த்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் அட்மிட் ஆக வரும்போது சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக யாரோ தரையில் உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. அவள் பால்கனிக்குப் போனாள். நாளைக்குக் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள், குரலுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று சொல்லக்கூடத் தோன்றாமல் சிஸ்டர் பின்னாலேயே வந்தாள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, "பொம்பளைங்க வார்டு, பதினாலாம் கட்டில் வீட்டுக்காரர், மேல வாங்க" என்று கூப்பிட்டாள். எதிர் மருந்துக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். சைக்கிள்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பையன் எழுந்து ஓடி வந்தான்.

அன்றைக்கு மத்தியானம் தொண்டை டாக்டர் பார்த்து நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். அதற்கப்புறம்தான் அக்கா கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது அவருடைய கொஞ்சமாவது கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள், நூறில் ஒருத்தர் உட்பட. அவர் வெகுநேரம் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா இன்னிக்குப் பேசிடு. நான் கேக்கறேன்," என்றார். பேசினாள். பெரிதாக ஒன்றுமில்லை, கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது, மகள் பேறுகாலத்துக்கு வந்தால் எந்த அறையை ஒழிப்பது, கல்யாணமான புதிதில் அவர் வாங்கி வந்த புடவையின் நிறம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை என்பது. பார்வை நேரம் முடிந்த மணி அடித்தும் சிஸ்டர் அவரை எழுப்பவில்லை.

குரல் போனது. முழுசாக அல்ல. ஆறு வாரம் வெறும் காற்று, அப்புறம் கரகரவென்று பாதி வந்தது. அந்தப் பாதியோடு நின்றுவிட்டது. டாக்டரே வீட்டுக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். மைக்கை ரிப்பேர் செய்தார்கள். அவளைச் சலவைக்கு அனுப்பவில்லை, கதவருகே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஃபாரத்தில் கையெழுத்து வாங்கப் போகும்போது ஒரு சின்ன டாக்டர் கூடவே வந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. யாரும் வராத நாட்களில் அவள் ஃபாரக் கட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிடுவாள். வீட்டுக்காரருக்கு அவள் பேசுவது இப்போது காதோடு காதாக வைத்தால்தான் கேட்கிறது. வைத்துத்தான் பேசுகிறாள்.

வீட்டுக்காரரிடம் பேசித் தீர்த்த அந்தச் சாயங்காலம் மட்டும் இல்லாவிட்டால் தான் என்ன ஆகியிருப்போம் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண்டக்டர் முகம் வந்தது. அவருக்கு அப்படி ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லையே. மனசு கேட்காமல் ஒரு விடுமுறை நாளில் டிப்போவுக்கே போய்விட்டாள். டிக்கெட் கட்டுகளை எண்ணி அடுக்குகிற அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார், எழுந்து ஸ்டூலைப் போட்டார். அவள் தன் கழுத்துத் தழும்பைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். இவள் கரகரப்பும் அவர் காற்றுமாக, வெளியே பஸ் கிளம்புகிற சத்தத்தில் இரண்டு பேரும் தலையைக் கிட்டே வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த டிக்கெட் கட்டை ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார். "அன்னிக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களாம்மா?"

சொல்லியிருப்பேன் என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

"அன்னிக்கு எனக்கே தெரியாதுங்க," என்றாள். "தெரியாதுன்னும் சொல்லியிருக்க மாட்டேன்."